பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்தப் பக்கத்தில் வளைகுடாவுக்கு ஆள் போன வீடு எதுவானாலும் பரணில் ஒரு கேசட் பெட்டி இருக்கும். கல்யாணம், பால்காய்ச்சு, ஞானஸ்நானம், விமான நிலையத்தில் அழுது வழியனுப்பியது என்று எல்லாம் அதற்குள் கிடக்கும். அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களையே கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

அண்ணா, முப்பது வருஷக் கேசட்டு. இன்னும் படம் இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கும், இடையிடையே வெள்ளைக் கீற்று ஓடும், அவ்வளவுதான். நாடாவில் இருக்கும் காந்தப் பதிவு அப்படி ஒரேயடியாக மறைந்துபோகாது. நம் ஊரில் கேசட்டைக் கொல்வது ஈரமும் பூஞ்சையும்தான்.

கேசட்டைவிட, அதை ஓட்டும் டெக் (விசிஆர்) பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். கடைசிவரை விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது ஓடும் டெக் எல்லாமே பழையது. பாகம் கிடைக்காது, பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிறது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இலேயே, 2025-க்குள் மாற்றாத நாடாக்கள் பெரும்பாலும் போய்விடும் என்று எச்சரித்தது. அந்த வருடமும் தாண்டிவிட்டது. அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

என்கிட்ட கெடக்கது என்ன கேசட்டுன்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்க?

கையளவு நீளத்தில், புத்தகம்போல இருந்தால் விஎச்எஸ். ஸ்டூடியோக்காரர்கள் கொடுத்த கல்யாணக் கேசட் எல்லாம் ஏறக்குறைய இதுதான். அதைவிடச் சற்றுச் சிறியதாகவும் மேலே பீட்டா என்றும் இருந்தால் பீட்டாமேக்ஸ். அது வேறு இனம், அதற்கென்று தனி டெக் வேண்டும்.

பாட்டுக் கேசட் அளவில் இரண்டு வகை உண்டு. தடிமனாக, ஓரத்தில் பல்சக்கரம் தெரிந்தால் விஎச்எஸ்-சி. கொஞ்சம் மெலிந்து, மேலே 8 என்ற எண் இருந்தால் எட்டு மில்லிமீட்டர் வகை. இந்த எட்டு மில்லிமீட்டரில் வீடியோ8, ஹை8, டிஜிட்டல்8 என்று மூன்று பதிவு முறைகள். கூடு மூன்றுக்கும் ஒன்றேதான், எந்தக் கேமராவில் எடுத்தார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். இவை எல்லாவற்றையும்விடச் சின்னது மினிடிவி (MiniDV). 1995-இல் வந்தது.

சின்னக் கேசட்டைப் பெரிய டெக்கில போட ஒரு கூடு கிடைக்குமாமே?

விஎச்எஸ்-சிக்கு மட்டும் கிடைக்கும். அதன் நாடாவும் விஎச்எஸ் நாடாவும் ஒரே அகலம், அதனால் சாத்தியம். அந்தக் கூடுகள் பலவற்றில் ஒரு பென்சில் பேட்டரி போட வேண்டும். அது தீர்ந்திருந்தால் கேசட்டே கெட்டுப்போனது போலத் தோன்றும், முதலில் அதைப் பாருங்கள்.

எட்டு மில்லிமீட்டருக்கும் மினிடிவிக்கும் அப்படி ஒரு கூடு கிடையவே கிடையாது. நாடாவின் அகலமே வேறு. யாராவது இருக்கிறது என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். அவற்றுக்கு அந்தந்தக் கேமராதான் வழி.

டெக்கு பதினைஞ்சு வருஷமா பரண்ல கெடக்கு. எடுத்து உடனே போட்டுப் பாக்கலாமா?

வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், சில நேரம் உருகிப் பிசினாகவே ஆகியிருக்கும். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை வழவழத்திருக்கும். கேசட் உள்ளே போகும், படம் ஓடும், வெளியே எடுக்கும்போது நாடா உள்ளே சிக்கிக்கொண்டு வரும். அம்மாவின் கல்யாணத்தை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

முதலில் யாருக்கும் தேவைப்படாத ஒரு சினிமாக் கேசட்டைப் போடுங்கள். ஓட்டம், வேகமாகச் சுற்றுவது, பின்னால் சுற்றுவது, வெளியே தள்ளுவது எல்லாவற்றையும் சில தடவை செய்து பாருங்கள். எடுத்த பிறகு நாடாவின் ஓரம் மடங்கியிருக்கிறதா, நீளவாக்கில் கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இந்தப் பரீட்சையில் தேறிய டெக்கில்தான் வீட்டுக் கேசட் போக வேண்டும். மழைக்காலத்தில் பரணிலிருந்து இறக்கினால் ஒரு நாள் அறையில் வைத்துவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள்.

எங்க வீட்ல டெக்கே இல்ல. எங்க கிடைக்கும்?

சொந்தக்காரர் வீடுதான் முதல் இடம். யாராவது ஒருவர் வீட்டில் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். பழைய வீடியோ கடைக்காரர்கள், கல்யாண ஸ்டூடியோக்காரர்கள், டிவி பழுது பார்ப்பவர்கள், ஓஎல்எக்ஸ். ஆக்கர் கடையிலும் (பழைய சாமான் கடை) வரும், ஆனால் அது பெரும்பாலும் பாகத்துக்குத்தான் ஆகும்.

வளைகுடாவில் வாங்கிய டெக் கிடைத்தால் விடாதீர்கள். அங்கே விற்றவற்றில் பல, எல்லா நாட்டுக் கேசட்டையும் ஓட்டக்கூடியவை. அது ஏன் முக்கியம் என்பதை அமெரிக்கக் கேசட் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கேசட்டைப் போடுறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

விஎச்எஸ் கேசட்டின் முதுகில் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது இன்னும் உடையாமல் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அமுக்கினால் கல்யாணம் அழியும். எட்டு மில்லிமீட்டரிலும் மினிடிவியிலும் உடைக்க வேண்டாம், தள்ளிவிடும் சின்னத் தாழ் இருக்கும்.

பிறகு ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாக எதுவும் இல்லையென்றால் கடைசிவரை ஒருமுறை சுற்றி, திரும்ப ஆரம்பத்துக்குச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் ஒட்டிக்கிடந்த நாடா இதில் தளர்ந்து சீராகும். சுற்றும்போது கிறீச்சென்று சத்தம் வந்தாலோ வேகம் குறைந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

உள்ள வெள்ளையா பூத்திருக்கு. துடைச்சாப் போதுமா?

அது பூஞ்சை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருடத்தில் பாதி நாள் காற்றில் ஈரம். மழை நேரத்தில் சுவரோடு ஒட்டி வைத்த பெட்டியில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் தட்டைப் பரப்பில் சுண்ணாம்புத் தூள் போலவோ, நூல் நூலாகவோ தெரியும்.

அதை டெக்கில் போடவே கூடாது. ஒரு பூஞ்சைக் கேசட்டை ஓட்டினால் அந்தத் தூள் டெக்கின் பட உருளையிலும் வழிகாட்டிகளிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போய்விடும். பூத்த கேசட்டுகளை உடனே தனிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள்.

சுத்தம் செய்வது இப்படி. திறந்த வெளியில், முகத்துக்கு என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு உட்காருங்கள். விஎச்எஸ் கூட்டின் அடியில் ஐந்து ஸ்க்ரூ. கழற்றி மேல் மூடியைத் தூக்கினால் இரண்டு சுருளும் தெரியும். நாடா எந்தத் தூணைச் சுற்றி எப்படிப் போகிறது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மூடும்போது தேவைப்படும். சுருளின் தட்டைப் பரப்பில் இருக்கும் தூளை மென்மையான தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டிவிடலாம். நாடாவின் முகத்தில் பரவியிருந்தால், நூல் உதிராத துணியில் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைக் கொஞ்சமாகத் தொட்டு, நாடாவை அதன் நடுவே மெதுவாக ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். முழுக் கேசட்டுக்கும் இப்படிச் செய்ய நல்ல பொறுமை வேண்டும். கை நடுங்குகிறவர்கள், அவசரக்காரர்கள் இதைச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. சுத்தம் செய்ததையும் கடைசிக் கேசட்டாக ஓட்டி, பிறகு டெக்கைத் துடையுங்கள்.

டெக்குக்குள்ள எப்படித் துடைக்க? பஞ்சு போதுமா?

பஞ்சுக் குச்சி வேண்டாம். பட உருளையின் ஓரத்தில் இருக்கும், நாடாவைப் படிக்கும் தலைகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னவை. பஞ்சு நூல் சிக்கினால் தலையையே பெயர்த்துவிடும். வெள்ளைத் தாளை ஆல்கஹாலில் நனைத்து உருளையின் மேல் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையின் மேற்பகுதியைச் சுற்றுங்கள். தாள் கறுப்பாக வரும். புதுத் தாள், திரும்பச் சுற்று. தாளை ஒருநாளும் மேலும் கீழுமாகத் தேய்க்காதீர்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் நல்லதல்ல, ஈரத் துணி போதும். கடையில் விற்கும் சுத்தம் செய்யும் கேசட்டுகளில் சில, உப்புத்தாள் மாதிரித் தேய்ப்பவை. நான் அவற்றைத் தொடுவதில்லை.

அரிசிச் சாக்கில வச்சா ஈரம் போயிருமா? வெயில்ல காய வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். அரிசியில் தவிடும் தூசியும் உண்டு, நாடாவுக்குப் போவது அதுதான். வெயிலில் கூடு வளையும், நாடா சுருங்கும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் வையுங்கள், அல்லது ஃபேன் காற்றில் நிழலில் வையுங்கள். எந்த வேலையானாலும் பிப்ரவரி, மார்ச்சில் செய்தால் பாதித் தொல்லை குறையும்.

கம்ப்யூட்டர்ல ஏற்ற என்னெல்லாம் வாங்கணும்?

ஓடுகிற டெக் அல்லது கேமரா. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள ஏவி கேபிள். அந்தச் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் யூஎஸ்பி கருவி. இடம் உள்ள ஹார்ட் டிஸ்க். மின்சாரம் போனால் பாதியில் நிற்காமலிருக்க யூபிஎஸ். இவ்வளவுதான்.

டெக்கிலோ கேமராவிலோ நான்கு ஊசி உள்ள உருண்டையான எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சளை விட்டுவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். ஹை8 கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும். ஒளியும் நிறமும் தனித்தனியாக வருவதால் படம் தெளிவாக இருக்கும். சில பழைய டெக்குகளில் ஆன்டெனா வயர் மட்டும்தான் இருக்கும். அதிலிருந்து எடுக்கும் படம் மோசமாக இருக்கும், வேறு டெக் தேடுங்கள்.

ஆன்லைன்ல ஆயிரம் ரூவாய்க்கு உள்ள ஒரு யூஎஸ்பி குச்சி கிடைக்கு. அது போதாதா?

சில நேரம் போதும். ஒரே பெயரில், ஒரே அட்டையில், உள்ளே வேறு வேறு சிப் போட்டு வருகிறது என்பதுதான் தொல்லை. ஒருவருக்கு நன்றாக ஓடுவது அடுத்தவருக்கு டிரைவரே கிடைக்காமல் போகும். வெளுத்த முகம், கருத்த நிழல், சத்தம் தள்ளிப்போவது இதெல்லாம் அவற்றின் குணம்.

இரண்டு மூன்று கேசட்தான் இருக்கிறது, பார்த்தால் போதும் என்றால் வாங்கிப் பாருங்கள். பெட்டி நிறைய இருந்தால் பெயர் தெரிந்த கம்பெனியின் கருவிக்குச் செலவு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒருவரிடம் இரவல் வாங்குங்கள். வேலை முடிந்ததும் தேவைப்படாத பொருள்தானே.

ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குற பெட்டி வச்சு எடுத்தா இன்னும் தெளிவா வருமா?

வராது. அந்தச் சின்னப் பெட்டி படத்தை இழுத்துப் பெரிதாக்கி, கோடுகளைத் தன் இஷ்டத்துக்குக் கலந்து, முகத்தை அகலமாக்கி அனுப்பும். எண் மட்டும் 1080 என்று காட்டும். விஎச்எஸ்ஸில் அவ்வளவு விவரமே கிடையாது. நம் ஊர் முறைக்கு 720-க்கு 576 என்ற அளவே சரி.

டிவியில ஓடவிட்டு மொபைல்ல எடுத்தா என்ன?

கேசட் சாகப்போகிறது, வேறு வழியே இல்லை என்றால் எடுங்கள். மற்றபடி வேண்டாம்.

மூணு மணி நேரக் கேசட்டு. பத்து நிமிஷத்துல ஏற்ற முடியாதா?

மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம்தான். ஓடவிட்டு அப்படியே பிடிப்பதுதான் இந்த வேலை. பெட்டி நிறைய இருந்தால் எது முதலில் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் வேறு யாரிடமும் நகல் இல்லாதது, ஏற்கெனவே பூஞ்சை தொட்டது, இறந்துபோனவர்கள் பேசுவது. டிவியிலிருந்து பதிவு செய்த சினிமாவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆனால் ஓடவிட்டுப் பார்க்காமல் எறியாதீர்கள். திருவனந்தபுரம் தூர்தர்ஷனில் எடுத்த படம் முடிந்ததும் மீதி நாடாவில் குழந்தை தவழ்வது இருக்கும்.

எந்த சாஃப்ட்வேர்ல எடுக்க?

விண்டோஸில் சிரமப்படத் தயார் என்றால் விர்ச்சுவல் டப். இழப்பில்லாமல் சேமிக்க முடியும், விட்டுப்போன ஃபிரேம் எத்தனை என்றும் காட்டும். சுலபமாக வேண்டும் என்றால் ஓபிஎஸ். அதில் கேன்வாஸை 768-க்கு 576 என்றும் (720 என்று வைத்தால் முகம் ஒல்லியாகும்), வேகத்தை 50 ஃபிரேம் என்றும் வைத்து, மூலத்தின் மேல் வலது கிளிக் செய்து டிஇன்டர்லேசிங்கில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுங்கள். கருவியின் அமைப்பில் வீடியோ முறை 'பால்' (PAL, நம் ஊர் முறை) என்று இருக்க வேண்டும். பல நேரம் என்டிஎஸ்சி (அமெரிக்க முறை) என்றே வரும், படம் உருளும் அல்லது கறுப்பு வெள்ளையாகும்.

ஒரு காதில மட்டும் சத்தம் வருது. கேசட்டு போச்சா?

இல்லை. பழைய டெக்குகள் பலவற்றில் ஒலிக்கு ஒரே ஒரு துளைதான். அது வெள்ளை முனையில் மட்டும் போகிறது. சாஃப்ட்வேரில் மோனோ என்று மாற்றினால் இரண்டு காதிலும் வரும்.

மினிடிவி கேமராவிலயே யூஎஸ்பி இருக்கு. கேபிள் சொருகினேன், ஒண்ணும் வரலியே?

பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் அந்த யூஎஸ்பி ஃபோட்டோவுக்கும் மங்கலான நேரடிப் படத்துக்கும்தான். நாடாவில் இருப்பதை எடுக்க ஃபயர்வயர் வேண்டும். கேமராவில் அந்தத் துளைக்கு i.LINK என்றோ DV என்றோ எழுதியிருக்கும். நாடாவில் இருப்பதே டிஜிட்டல் என்பதால் இந்த வழியில் எடுத்தால் எழுதியது எழுதியபடியே வரும், எந்த இழப்பும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி.

லேப்டாப்பில் இப்போது ஃபயர்வயர் துளை கிடையாது. யூஎஸ்பியை ஃபயர்வயர் ஆக்குவதாக விற்கும் சின்ன முனைகள் வேலை செய்யாது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஃபயர்வயர் கார்டு போட்டு, வின்டிவி (WinDV) என்ற இலவச சாஃப்ட்வேரில் எடுப்பதுதான் குறைந்த செலவு.

இன்னொரு வசதி: டிஜிட்டல்8 கேமராக்கள் பல, பழைய ஹை8, வீடியோ8 கேசட்டையும் ஓட்டி அதே ஃபயர்வயர் வழியாக அனுப்பும். எல்லா மாடலும் அல்ல, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு மில்லிமீட்டர் கேசட் நிறைய இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

டிவியில நல்லாத்தான் ஓடுது. கம்ப்யூட்டர்ல அடிக்கடி நீலமாப் போயிருது, ஏன்?

பழைய டிவி பொறுமைசாலி. நாடாவிலிருந்து வரும் சிக்னலின் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துக் காட்டிவிடும். கம்ப்யூட்டர் கருவி அப்படியில்லை, கணக்கு தப்பினால் கையை விரித்துவிடும்.

முதலில் டெக்கின் டிராக்கிங் பட்டனை மெதுவாக மாற்றிப் பாருங்கள். டெக்கின் மெனுவில், சிக்னல் குறைந்தால் நீலத் திரை காட்டும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் நடுவில் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வேண்டும், அதன் விலை அதிகம். அதற்குப் பதிலாக டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் வைத்து, பதிவு செய்யாமல் சிக்னலை மட்டும் கடத்திவிடுவார்கள். சில பானசோனிக் மாடல்கள் இதற்குப் பேர்போனவை. இரண்டாம் கையில் கிடைத்தால் எடுத்து வையுங்கள்.

படத்தின் அடியில் இரண்டு மூன்று கோடு கலைந்து தெரிவது இதில் சேராது. எல்லா விஎச்எஸ்ஸிலும் அது உண்டு, பழைய டிவி ஓரத்தை மறைத்ததால் நாம் பார்த்ததில்லை.

மந்திரம் முடிஞ்சு தாலி கட்டியாச்சு, கெட்டிமேளம் அப்புறமா வருது. சத்தம் எப்படித் தள்ளிப்போச்சு?

ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போகத் தள்ளினால் ஃபிரேம் விட்டுப்போகிறது என்று அர்த்தம். எடுக்கும்போது ஆன்டிவைரஸ், பிரவுசர் எல்லாம் மூடி வையுங்கள். கருவியை யூஎஸ்பி ஹப்பில் சொருகாமல் நேராகக் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். ஒலியையும் படத்தையும் ஒரே கருவி வழியாக எடுங்கள். ஒலியை மட்டும் தனியே மைக் துளையில் கொடுத்தால் இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகாது.

ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நாடா வெறுமையாக இருக்கும். பெரும்பாலும் அங்கேதான் பிசகும். நிகழ்ச்சிக்கு ஒரு ஃபைலாகப் பிரித்து எடுத்தால் பிசகு ஒன்றோடு நிற்கும்.

ஆளு நடந்தா ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரிக் கோடு தெரியுது?

நம் ஊர் வீடியோவில் நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் இரண்டு பாதி. ஒற்றைக் கோடுகள் ஒரு நேரத்தில், இரட்டைக் கோடுகள் அடுத்த நேரத்தில் எடுக்கப்பட்டவை. இரண்டையும் சேர்த்துக் காட்டும்போது அசைகிற இடத்தில் பல்லாகத் தெரியும். பழுதல்ல.

ஓபிஎஸ்ஸில் மேலே சொன்னபடி வைத்திருந்தால் இது வராது. மற்ற வழியில் எடுத்திருந்தால் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற சாஃப்ட்வேரில் டிஇன்டர்லேஸ் வடிகட்டியை 'பாப்' (Bob) என்று வைத்து மாற்றுங்கள். இரண்டு பாதியும் தனித்தனி ஃபிரேமாகி நொடிக்கு 50 வரும், அசைவு கேசட்டில் இருந்ததுபோல வழுக்கிக்கொண்டு போகும். முதலில் எடுத்த ஃபைலை மட்டும் அழிக்காதீர்கள்.

சித்தப்பா அமெரிக்காவிலிருந்து அனுப்பின கேசட்டு கறுப்பு வெள்ளையாத் தெரியுது. சவூதி கேசட்டும் அப்படித்தான்.

அமெரிக்காவில் என்டிஎஸ்சி: 525 கோடு, நொடிக்கு ஏறக்குறைய 30 ஃபிரேம். நமக்கும் வளைகுடாவின் பெரும்பகுதிக்கும் 'பால்': 625 கோடு, 25 ஃபிரேம். சவூதியில் டிவி ஒளிபரப்பு செக்காம் முறையில் இருந்தது. அங்கே டிவியிலிருந்து பதிவு செய்த கேசட்டை நம் டெக்கில் போட்டால் படம் வரும், நிறம் வராது. அதே சவூதியில் கேமராவில் எடுத்தது பெரும்பாலும் 'பால்' ஆகவே இருக்கும்.

எல்லா முறையும் தெரிந்த வளைகுடா டெக்கைத் தேடச் சொன்னது இதற்குத்தான். சில 'பால்' டெக்குகள் அமெரிக்கக் கேசட்டை ஓட்டும், ஆனால் வெளியே அனுப்புவது இரண்டும் கெட்டான் சிக்னல். டிவிக்குப் புரியும், யூஎஸ்பி கருவிக்குப் பெரும்பாலும் புரியாது. எட்டு மில்லிமீட்டர் கேசட் என்றால் எடுத்த கேமராவையே சித்தப்பாவிடம் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க டெக்கை அப்படியே நம் பிளக்கில் சொருகிவிடாதீர்கள், அது 110 வோல்ட்.

எந்த ஃபைலா வச்சா நல்லது? எவ்வளவு இடம் பிடிக்கும்?

இழப்பில்லாமல் எடுத்தால் மணிக்கு 30 ஜிபி சுமார். நல்ல தரத்தில் எம்பி4 என்றால் மணிக்கு 2 முதல் 3 ஜிபி. என் யோசனை: முக்கியமான கேசட்டுகளுக்கு மூலத்தைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு, பார்க்கவும் பகிரவும் எம்பி4 தனியாகச் செய்யுங்கள்.

இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில். ஒன்று துபாயில் இருக்கும் தம்பியிடம் இருக்கட்டும். பென்டிரைவை நம்பி வைக்காதீர்கள். ஃபைல் பெயரில் வருடம், நிகழ்ச்சி, ஊர் மூன்றையும் எழுதுங்கள். யார் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை ஓட்டி, பெயர்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கிப்போகும், டாக்குமென்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும்.

பென்டிரைவில இடம் இருக்கு, ஆனா காப்பி ஆவமாட்டேங்குது.

பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்யுங்கள். உங்கள் டிவி அதைப் படிக்காவிட்டால் ஃபைலை இரண்டாக வெட்டுங்கள்.

நாங்க அப்பவே சிடியில போட்டாச்சு. கேசட்டை ஆக்கர் கடையில போடலாமா?

பொறுங்கள். 2000-களில் ஸ்டூடியோக்கள் போட்டுக் கொடுத்தது பெரும்பாலும் விசிடி. அதன் படம் 352-க்கு 288, கேசட்டில் இருப்பதில் நிறைய அங்கேயே கழிந்துவிட்டது. சிடியை உடனே கம்ப்யூட்டரில் காப்பி செய்யுங்கள், அதுவும் உரிந்துபோகிற பொருள்தான். கேசட் ஓடும் நிலையில் இருந்தால் அதிலிருந்து திரும்ப எடுங்கள். டிவிடியாகப் போட்டிருந்தால் பரவாயில்லை, ஆனால் மூன்று மணி நேரத்தை ஒரே தட்டில் அடைத்திருந்தால் அதுவும் மங்கல்தான்.

திருப்திகரமாக ஏற்றி முடித்த பிறகும் நான் கேசட்டை எறியச் சொல்வதில்லை. புத்தகம் போல நிறுத்தி, உலர்ந்த அலமாரியில் வையுங்கள்.

எங்க கேசட்டு மட்டும் ஏன் இவ்வளவு மங்கல்? அத்தை வீட்டுல இருக்கது தெளிவா இருக்கே?

அக்காலத்தில் பானசோனிக் கேமராவைத் தோளில் வைத்து எடுத்து, ஸ்டூடியோவில் மிக்ஸிங் போட்டு, பாட்டுச் சேர்த்து, அதிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று என்று நகல் எடுத்தார்கள். வீட்டில் அந்த நகலிலிருந்து இன்னொரு நகல். விஎச்எஸ்ஸில் ஒவ்வொரு நகலுக்கும் நிறம் கரையும், ஓரம் மழுங்கும். சம்பந்தி வீடு பாறசாலையில் இருந்தாலும் சரி, ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள். அதிகம் ஓட்டாத நகல் யாரிடம் இருக்கிறதோ அதிலிருந்து ஏற்றுங்கள்.

ஏஐ வச்சு 4கே ஆக்கலாமாமே?

ஆக்கலாம். தூரத்தில் நிற்கும் பாட்டியின் முகத்தில் கண்ணும் மூக்கும் அதுவாக வரைந்து வைக்கும், யாருடைய பாட்டி என்று தெரியாது. ஆசைக்குச் செய்துகொள்ளுங்கள், மூலத்தை அப்படியே வையுங்கள்.

யூடியூப்ல ஏத்தினேன், கல்யாண வீடியோவுக்கு உரிமைப் பிரச்சினைன்னு வருது. எங்க வீட்டுக் கல்யாணம்தானே?

கல்யாணம் உங்களுடையது, ஸ்டூடியோக்காரர் பின்னால் ஓடவிட்ட சினிமாப் பாட்டு உங்களுடையதல்ல. யூடியூப் ஒலியைத் தானாகவே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும். பட்டியலில் வராதபடி வைத்தாலும் இந்த அறிவிப்பு வரலாம். பெரும்பாலும் விளம்பர வருமானம் பாட்டுக்காரருக்குப் போகும், சில நேரம் வீடியோவே தடைபடும். சொந்தக்காரர்களுக்கு மட்டும் காட்ட வேண்டும் என்றால் டிரைவ் இணைப்பாக அனுப்புங்கள்.

நாடா அறுந்துபோச்சு. செல்லோடேப் ஒட்டலாமா?

செல்லோடேப்பின் பசை கசிந்து டெக்கின் தலையில் ஒட்டும். நாடா ஒட்டுவதற்கென்றே மெல்லிய ஸ்பிளைசிங் டேப் உண்டு. அதை நாடாவின் முதுகுப் பக்கத்தில், ஓரம் வெளியே நீட்டாமல் ஒட்டி, ஒட்டிய இடம் வரை ஒரு ஃபைல், அதற்குப் பிறகு இன்னொரு ஃபைல் என்று எடுங்கள். ஒட்டு தலையின் மேல் ஓடாமல் இருப்பது நல்லது. கூடுதான் உடைந்தது என்றால், நல்ல கூட்டில் சுருளை மாற்றிப் போடலாம்.

வெள்ளத்துல நனைஞ்ச கேசட்டு ஏதாவது தேறுமா?

2017-இல் ஒக்கிப் புயல், 2018-இல் கேரள வெள்ளம், 2021 நவம்பர் மழை என்று ஒவ்வொன்றுக்குப் பிறகும் இந்தக் கேள்வி வந்தது. தேறும், ஆனால் சேறு காய்ந்து ஒட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, கடைசியாக டிஸ்டில்ட் வாட்டரில் ஒருமுறை அலசி, கூட்டைத் திறந்து நிழலில் ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். ஃபிரீசரில் வைக்கக் கூடாது. ஹேர் டிரையரும் கூடாது. முழுவதும் உலர்ந்த பிறகு பூஞ்சைக் கேசட்டுக்குச் சொன்ன அதே கவனத்தோடு, கடைசியாக ஓட்டுங்கள்.

இதெல்லாம் நம்மால ஆவாது. கடையில குடுத்தா என்ன கேட்கணும்?

எந்தக் கருவியில் எடுக்கிறீர்கள், எந்த அளவில் கொடுப்பீர்கள், டிவிடி மட்டுமா ஃபைலும் உண்டா, பூஞ்சை இருந்தால் என்ன செய்வீர்கள், இவற்றைக் கேளுங்கள். டிவிடி மட்டும் என்றால் வேறு கடை பாருங்கள். பூஞ்சைக்குத் தனிக் கட்டணம் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காமல் அப்படியே டெக்கில் தள்ளுகிறவரிடம்தான் பயப்பட வேண்டும். முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்து, வந்ததை முழுக்கப் பார்த்து, சத்தம் கடைசிவரை சேர்ந்து வருகிறதா என்று பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள். கேசட்டுகளுக்கு எண் போட்டு, அந்த எண்ணுக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.